கோடோ எஞ்சின்: கேம் திரை வடிவமைக்கக் கற்க வருகிறவர்களுக்கு ஒரு மதிப்புரை

கேம்களுக்கும் அனிமேஷனுக்கும் திரை வடிவமைக்கக் கற்றுக்கொள்ள என்ன மென்பொருள் வாங்குவது, எந்த வகுப்பில் சேருவது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: முதலில் கேம் செய்யும் மென்பொருளான (எஞ்சின்) கோடோவை இறக்கிக்கொள்ளுங்கள். காசு கிடையாது. கணக்குத் திறக்கச் சொல்லாது. நாளைக்கு உங்கள் கேம் நன்றாக விற்றாலும் பங்கு கேட்காது. இதெல்லாம் கூடுதல் வசதிகள். நான் சிபாரிசு செய்வதற்கான உண்மையான காரணம் வேறு. வரைந்த திரையை அழுத்திப் பார்க்கவும், இழுத்துப் பார்க்கவும், உடைத்துப் பார்க்கவும் இது முதல் நாளே விடுகிறது. கேம் திரை என்பது அழுத்துவதற்காகச் செய்யப்படுவது. அழுத்த முடியாத இடத்தில் அதைக் கற்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சிவகாசியில் ஓர் அச்சகத்தின் டிசைன் பிரிவில் பல வருடம் இருந்தேன். பட்டாசுப் பெட்டி லேபிள், தினசரி காலண்டர், நோட்டு அட்டை, எப்போதாவது ஒரு கல்யாணப் பத்திரிகை. கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் கைக்குப் பழகியவை. இப்போது கோயம்புத்தூரில் சிறுவர்களுக்கான செல்போன் கேம் செய்யும் ஒரு சின்னக் குழுவில் யூஐ, அதாவது விளையாடுகிறவர் பார்த்து அழுத்தும் திரைப் பாகங்கள், முழுவதும் என் பொறுப்பு. மெனு, பட்டன், உயிர் காட்டும் பட்டை, மதிப்பெண் பலகை, பரிசுப் பெட்டி திறக்கும் திரை எல்லாம் நான் செய்வதுதான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பயிற்சி நிலையத்தில் 60,000 ரூபாய் கட்டிப் படித்தேன். அவர்கள் விற்றது ‘கேம் யூஐ டிசைன்’ என்ற பாடம். ஃபோட்டோஷாப்பில் 1920×1080 அளவில் தங்க நிறச் சட்டம் போட்ட மெனு ஒன்று வரைய வேண்டும். அதை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கொண்டுபோய், மெனு திறப்பது போல ஒரு சின்ன வீடியோ செய்ய வேண்டும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு நிரலாளர் அதைக் கையில் வாங்கினால் கேட்கும் கேள்விகள் இருக்கிறதே, அவை அந்த வகுப்பில் ஒருமுறைகூட எழவில்லை. விரல் பட்டதும் இந்தப் பட்டன் எப்படி மாறும்? காசு 9 ஆக இருக்கும்போது சரி, 9,99,999 ஆனால் எண் எங்கே போகும்? நீளமான போனில் இந்தச் சட்டம் எந்தப் பக்கம் நீளும்? கேமராத் துளைக்கு அடியில் எந்த எழுத்து மாட்டும்? இந்தக் கேள்விகள்தான் இந்த வேலை. அவற்றைக் கேட்காத பாடத்துக்கு அந்தப் பணம் மிக அதிகம்.

சரி, கோடோவுக்கு வருவோம். அர்ஜென்டினாவில் ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் என்ற இரண்டு பேர் தங்கள் வேலைக்காக எழுதத் தொடங்கிய எஞ்சின் இது. 2014இல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் எம்ஐடி உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் 4.0 வந்தது. அதே வருடம் செப்டம்பரில், யூனிட்டி என்ற இன்னொரு கேம் எஞ்சினின் நிறுவனம், கேம் நிறுவப்படும் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தபோது நிறையப் பேர் இந்தப் பக்கம் திரும்பினார்கள். அந்தக் கட்டணத்தை யூனிட்டி 2024இல் கைவிட்டுவிட்டது. வந்தவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். டோம் கீப்பர், ப்ரோடேட்டோ, கேசட் பீஸ்ட்ஸ் எல்லாம் கோடோவில் செய்த கேம்கள்தான். நான் இங்கே எழுதுவது 4.5 பதிப்பை வைத்து.

இறக்கினால் ஒரு ஜிப் கோப்பு வரும். விரித்து இருமுறை கிளிக் செய்தால் திறந்துவிடும். நிறுவும் வேலையே இல்லை. பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் புதிய புராஜெக்ட் தொடங்கும்போது ‘கம்பாட்டிபிலிட்டி’ என்ற ரெண்டரரை (திரையில் படம் வரையும் பகுதி) தேர்ந்தெடுங்கள். மெனுவும் பட்டனும் பழக அது தாராளம்.

திறந்தவுடன் நீங்கள் பார்க்கும் அந்த எடிட்டர் இருக்கிறதே, அதன் பேனல், டேப், மரப்பட்டியல், நிறத் தேர்வுப் பெட்டி எல்லாமே கோடோவின் சொந்த யூஐ பாகங்களை வைத்துக் கட்டியவை. நமக்குத் தரும் அதே பட்டனைத்தான் அவர்களும் தங்கள் எடிட்டரில் பயன்படுத்துகிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு இந்த மென்பொருள்மேல் ஒரு தனி மரியாதை வந்தது. செய்தவர்களே தினமும் அழுத்திப் பார்க்கும் பொருள் என்றால், அது அக்கறையோடு வளரும்.

அச்சிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே முதல் அதிர்ச்சி, தாளின் அளவு நிலையாக இல்லை என்பது. லேபிள் என்றால் இத்தனை மில்லிமீட்டர் அகலம், இத்தனை உயரம், வெட்டுக்கு இவ்வளவு விட வேண்டும், முடிந்தது. திரைக்கு அப்படி இல்லை. பழைய போன் 16:9, இப்போது வரும் போன்கள் 20:9 வரை நீளம், ஐபேட் 4:3 சதுரத்துக்குப் பக்கத்தில். ஒரே மெனு இத்தனையிலும் ஒழுங்காக நிற்க வேண்டும். கோடோவில் இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன: ஆங்கர், கன்டெய்னர்.

ஆங்கர் என்பது ஒரு பாகத்தைத் திரையின் எந்த இடத்தோடு கட்டிவைப்பது என்று சொல்வது. 0 என்றால் இடது ஓரம் அல்லது மேல் ஓரம், 1 என்றால் வலது அல்லது கீழ் ஓரம், 0.5 என்றால் நடு. காசு எண்ணிக்கையை மேல் வலது மூலையில் கட்டிவிட்டால், திரை எவ்வளவு நீண்டாலும் அது மூலையைவிட்டு நகராது. இதைப் படத்தில் விளக்கினால் பத்து நிமிடத்தில் புரியும். ஆனால் கேமை ஓடவிட்டு, ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, தலைப்பு நடுவிலேயே நிற்பதையும் ‘பின்செல்’ பட்டன் மூலையிலேயே ஒட்டியிருப்பதையும் கண்ணால் பார்க்கும்போது வரும் தெளிவு வேறு.

கன்டெய்னர் இன்னும் முக்கியம். கிடையாக அடுக்க ஒன்று, செங்குத்தாக அடுக்க ஒன்று, கட்டம் கட்டமாக அடுக்க ஒன்று, ஓரத்தில் இடைவெளி விட ஒன்று என்று வகை வகையாக இருக்கின்றன. உள்ளே போட்ட பாகங்களின் இடத்தை கன்டெய்னரே முடிவு செய்யும். நீங்கள் கையால் நகர்த்த முடியாது. கோரல்டிராவில் கால் மில்லிமீட்டர் நகர்த்திப் பழகிய கைக்கு இது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஒழுங்கை ஏற்றுக்கொண்டால்தான் ‘இடத்தைச் சொல்வதை விட்டுவிட்டு உறவைச் சொல்வது’ எப்படி என்று பழக முடியும். இந்த மூன்று பட்டன்களில் ஓரத்தில் உள்ள இரண்டும் சம அகலம், நடுவில் உள்ளது மட்டும் இரண்டு மடங்கு, மிச்ச இடமெல்லாம் வலப்பக்கத்துக்கு. இப்படி யோசிக்கத் தொடங்கிவிட்டால் திரை வரையும் மென்பொருளான ஃபிக்மாவின் ஆட்டோ லேஅவுட்டோ வெப் பக்கமோ எதற்குப் போனாலும் அதே யோசனை கைகொடுக்கும். கோடோவில் நான் கற்றதிலேயே விலை மதிப்பானது இதுதான்.

இதோடு புராஜெக்ட் அமைப்புகளில் ‘ஸ்ட்ரெச்’ என்ற பகுதியையும் பாருங்கள். தொடக்கத்தில் திரை அளவு 1152×648 என்று இருக்கும். செல்போனுக்கு என்றால் மோடை ‘கேன்வாஸ் ஐட்டம்ஸ்’ என்றும் ஆஸ்பெக்டை ‘எக்ஸ்பேண்ட்’ என்றும் வையுங்கள். நீளமான போனில் கறுப்புப் பட்டை விழாமல் கூடுதல் இடம் கிடைக்கும். அந்த இடத்தை ஆங்கர்கள் பார்த்துக்கொள்ளும். கேமராத் துளைக்கும் வளைந்த மூலைக்கும் உள்ளே பத்திரமான பகுதி எது என்று கேட்டு வாங்கவும் வழி இருக்கிறது. அதற்கு மட்டும் இரண்டு வரி நிரல் எழுத வேண்டும்.

அடுத்து, பட்டனின் உடை. கோடோவில் அதற்கு ஸ்டைல்பாக்ஸ் என்று பெயர். ஒரு பட்டனுக்குச் சாதாரண நிலை, மவுஸ் மேலே வந்த நிலை, அழுத்திய நிலை, முடக்கிய நிலை, தேர்வு தன்மேல் நிற்கும் நிலை என்று தனித்தனியாக உடை போட வேண்டும். ஃபோட்டோஷாப்பில் வரையும்போது ஒரு பட்டனை ஒருமுறைதான் வரைவோம். இங்கே அந்த ஐந்து பெட்டிகளும் காலியாக நின்று ‘எனக்கு என்ன?’ என்று கேட்கின்றன. கேட்டே ஆக வேண்டிய கேள்வியை மென்பொருளே கேட்பது கற்கிறவருக்குப் பெரிய உதவி.

வெறும் நிறமும் வளைந்த மூலையும் நிழலும் போதும் என்றால் படமே தேவையில்லை, ஸ்டைல்பாக்ஸ்ஃப்ளாட் போதும். மரப்பலகை, துணி, தங்கச் சட்டம் போல வரைந்த படம் வேண்டும் என்றால் ஸ்டைல்பாக்ஸ்டெக்ஸ்சர். இதில்தான் நைன்பேட்ச் என்ற முறை வருகிறது. படத்தை ஒன்பது துண்டாகப் பிரித்து, நான்கு மூலைகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஓரங்களையும் நடுவையும் மட்டும் நீட்டுவது. பட்டன் எவ்வளவு அகலமானாலும் மூலைப் பூவேலை இழுபடாது. பட்டாசு லேபிளுக்கு ஓரச் சட்டம் வரைந்த அனுபவம் எனக்கு இங்கே நேரடியாகப் பயன்பட்டது: மூலை அலங்காரம் தனி, ஓடும் ஓரம் தனி என்று பிரித்து வரைவது அங்கே ஏற்கனவே பழக்கம்.

எல்லா உடைகளையும் ‘தீம்’ என்ற ஒரே கோப்பில் சேர்த்துவைக்கலாம். நிறுவனம் ‘மஞ்சள் வேண்டாம், பச்சை வேண்டும்’ என்று கடைசி நேரத்தில் சொன்னால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். தீம் எடிட்டர் மட்டும் பார்க்க நெரிசலாக இருக்கும். எங்கே எதை அழுத்துவது என்று பிடிபடச் சில நாள் ஆகும். அங்கே பொறுமை வேண்டும்.

இனி அசைவு. அனிமேஷன் தெரிந்தவர்கள் இங்கே வந்தால் வீட்டுக்கு வந்தது போல உணர்வார்கள். அனிமேஷன்பிளேயர் என்ற பாகத்தில் ஏறக்குறைய எந்தப் பண்பையும் கீஃப்ரேம் (எந்த நேரத்தில் எப்படி இருக்க வேண்டும் என்ற குறி) வைத்து அசைக்கலாம்: இடம், அளவு, நிறம், ஒளிபுகும் தன்மை, எழுத்தின் அளவு, ஒலி தொடங்கும் நேரம். பரிசுப் பெட்டி திறக்கும் திரை போல முன்கூட்டியே திட்டமிட்ட காட்சிக்கு இது சரி. நொடியில் வந்து போகும் சின்ன அசைவுகளுக்கு ட்வீன் இருக்கிறது. அளவை இங்கிருந்து இதற்கு, இத்தனை நொடியில், இந்த வளைவில் கொண்டுபோ என்று இரண்டு மூன்று வரி.

நான் பட்டனுக்குப் பயன்படுத்துவதைச் சொல்கிறேன். விரல் பட்டதும் 0.08 நொடியில் 95 சதவீதமாகச் சுருங்கும். எடுத்ததும் 0.18 நொடியில் திரும்பும். அதற்கு ‘பேக்’ என்ற வளைவு, ‘அவுட்’ என்ற ஈஸ் (வேகம் கூடிக் குறையும் விதம்). இந்த வளைவு எல்லையைச் சற்றே தாண்டிப் போய்த் திரும்பி நிற்கும், அதனால் ஒரு துள்ளல் தெரியும். சுருங்கும் நேரம் 0.1 நொடிக்குள் இருக்க வேண்டும் என்பதில் நான் கறார். அதற்குள் நடப்பதைத்தான் மனிதர்கள் ‘உடனே நடந்தது’ என்று உணர்கிறார்கள். அதைத் தாண்டினால் விரல் ஒரு பக்கம், பட்டன் ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

இதைச் சோதிக்க அக்கா பையனிடம் ஒரே மெனுவின் இரண்டு வடிவங்களைக் கொடுத்தேன். படம், நிறம், ஒலி எல்லாம் ஒன்றே. ஒன்றில் இந்த அசைவு உண்டு, இன்னொன்றில் இல்லை. அசைவில்லாததை நாலைந்து தடவை குத்திப் பார்த்துவிட்டு, “சித்தி, இது தூங்குது” என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தான். அவனுக்கு ஆறு வயது. வகுப்பில் ‘ஃபீட்பேக்’ என்று ஒரு மணி நேரம் பேசுவதை அவன் மூன்று சொல்லில் முடித்துவிட்டான். போனை யூஎஸ்பியில் மாட்டி, மேலே வரும் சின்ன ஐகானை அழுத்தினால் கேம் நேரே ஆண்ட்ராய்டு போனுக்குப் போய்விடும். முதன்முறை மட்டும் ஜாவா, ஆண்ட்ராய்டு எஸ்டிகே (செயலி செய்யும் கருவித்தொகுப்பு) என்று சிலவற்றை நிறுவி வைக்க வேண்டும். அந்த ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்துவிடுங்கள். மவுஸால் அழுத்திப் பார்ப்பதும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதும் ஒன்றே இல்லை. மவுஸ் அம்பு எதையும் மறைக்காது. கட்டைவிரல் பட்டனையும் அதன்மேல் எழுதியதையும் சேர்த்து மறைக்கும். தொடும் இடம் குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு), அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இருக்கட்டும் என்று கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டி சொல்வதன் அர்த்தம் போனைக் கையில் பிடித்தால்தான் தெரியும். சிறுவர் கேமுக்கு நான் அதையும் தாண்டிப் பெரிதாகவே வைப்பேன்.

அசைவில் இரண்டு இடங்களில் கோடோ தடுக்கும். ஒரு பாகத்தைப் பெரிதாக்கினால் அது இடது மேல் மூலையிலிருந்துதான் வளரும். நடுவிலிருந்து வளர வேண்டும் என்றால் ‘பிவட் ஆஃப்செட்’ என்ற புள்ளியை நடுவுக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்தது, கன்டெய்னருக்குள் இருக்கும் பட்டனின் இடத்தை அசைத்தால், கன்டெய்னர் மறுபடி அடுக்கும்போது அதைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். அதற்குக் கன்டெய்னருக்குள் ஒரு வெற்றுக் கன்ட்ரோல் (எதையும் காட்டாத அடிப்படைப் பாகம்) வைத்து, அதற்குள் பட்டனை வைத்து அசைக்க வேண்டும். சுற்றுவழிதான், ஆனால் வேலை செய்கிறது. வெப் பக்கம் செய்து பழகியவர்களுக்கு இன்னொரு குறையும் தெரியும். சாதாரண நிலையிலிருந்து அழுத்திய நிலைக்கு நிறம் மெல்ல மாற வேண்டும் என்றால் அதுவாக மாறாது, சட்டென்று தாவும். மெல்ல மாற நீங்களே ட்வீன் எழுத வேண்டும். 2025இல் வந்த 4.5 பதிப்பிலும் இது இல்லை என்பது எனக்கு வருத்தம்.

இப்போது நமக்கு மட்டும் உரிய விஷயம், தமிழ் எழுத்து. இதற்காகவே நான் கோடோவுக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுப்பேன்.

யூனிகோடில் ‘செ’ என்ற எழுத்தை முதலில் ‘ச’, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கிறார்கள். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். ‘கொ’ என்றால் ஒரு குறியை இரண்டாகப் பிரித்து எழுத்தின் இரு பக்கமும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் வந்த வரிசைப்படியே எழுத்துகளை அடுக்கிக் காட்டும் கேம் கருவிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அங்கே ‘செடி’ என்று எழுதினால் கொம்பு ‘ச’வுக்குப் பின்னால் போய் ‘டி’யோடு ஒட்டி நிற்கும். எழுத்துக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அப்படி ஒரு திரையைக் காட்டவே கூடாது. கோடோ 4இல் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தடுக்கும் நிரலகம் உள்ளேயே இருக்கிறது. தமிழைத் தட்டினால் தமிழாகவே வருகிறது. தனியாக எதையும் வாங்கிப் பொருத்த வேண்டாம். கோடோ 3இல் இந்த வசதி கிடையாது. அதனால் பழைய பாடங்களைப் பார்த்து 3ஐ இறக்கிவிடாதீர்கள்.

ஃபான்ட் யூனிகோடாக இருக்க வேண்டும். அச்சகத்தில் பழகிய பழைய குறியீட்டு எழுத்துருக்களை இங்கே மறந்துவிடலாம். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் பலூ தம்பி 2 சிறுவர் கேம் பட்டனுக்கு எனக்குப் பிடித்தது. தடிமனாக, மூலைகள் மழுங்கி, தூரத்திலிருந்தே தெரியும். ஆங்கில எழுத்தும் எண்ணும் அதே குடும்பத்தில் இருப்பதால் ‘நிலை 12’ என்று எழுதினால் இரண்டும் ஒட்டி நிற்கும். நீளமாக வாசிக்க வேண்டிய இடத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், காட்டமரன் இவற்றில் ஒன்றை எடுப்பேன்.

ஆங்கிலத்துக்கு என்று வரைந்த பட்டனில் தமிழைப் போட்டால் இரண்டு தொல்லைகள். மேலே புள்ளியும் விசிறியும், கீழே ‘மு’, ‘ழு’ போன்றவற்றின் கால் என்று தமிழுக்கு உயரம் கூடுதலாக வேண்டும். அதே எழுத்தளவில் அகலமும் கூடும். ‘ப்ளே’ என்பது ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. ‘விளையாடு’ என்பது அந்தப் பட்டனை நிரப்பிவிடும். கன்டெய்னர்களை ஒழுங்காகப் போட்டிருந்தால் பட்டன் தானே அகன்று பக்கத்துப் பட்டனுக்கு இடம் சொல்லும். படமாக வரைந்து ஒட்டியிருந்தால் அத்தனையையும் மறுபடி வரைய வேண்டும். நீளமான சொல்லுக்கு, கோடோவில் எழுத்தைக் காட்டும் ‘லேபிள்’ என்ற பாகத்தில் ‘வேர்ட் ஸ்மார்ட்’ என்ற மடிப்பு முறையைப் போடுங்கள். சொல்லுக்குச் சொல் மடிக்கும். ஒரே சொல் வரியைவிட நீளமாக இருந்தால் மட்டும் உடைக்கும். சின்ன அளவில் புள்ளி கரைந்துபோகிறதா என்று மலிவான போனில் ஒருமுறை பாருங்கள். ‘கல்’லும் ‘கல’வும் ஒன்றாகத் தெரிந்தால் அந்த எழுத்தளவு போதாது.

கதாபாத்திரம் பேசும்போது எழுத்து ஒவ்வொன்றாக வருமே, அந்த டைப்ரைட்டர் பாணியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோடோவில் அதன் இயல்பான அமைப்பு, வெட்டிய பிறகு எழுத்தை அடுக்குவது. அதாவது முதலில் ‘க’ தெரியும், அடுத்த கணம் அது ‘கொ’வாக மாறும்போது முன்னால் கொம்பு முளைத்து ‘க’ வலப்பக்கம் நகரும். ஒவ்வொரு கொம்புக்கும் வரி துடிக்கும். வாசிக்கிற கண் களைத்துப்போகும். லேபிளில் ‘விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர்’ என்ற இடத்தில் ‘ஆஃப்டர் ஷேப்பிங்’ என்று மாற்றிவிட்டால், அடுக்கி முடித்த வரியிலிருந்து எழுத்துகளை வெளிக்காட்டும். துடிப்பு நின்றுவிடும். எந்த ஆங்கில வீடியோ பாடத்திலும் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள், அவர்களுக்கு அது தேவையும் இல்லை. ஆனால் இப்படி ஒரு தேர்வை யோசித்து வைத்திருக்கிறார்களே என்று எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

குறைகளில் பெரியது, நிரல் எழுதாமல் முழுதாகப் போக முடியாது என்பது. ஜிடிஸ்கிரிப்ட் என்ற மொழி எளிமையானதுதான். ஆனால் வரைகலையிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சொல்லைக் கேட்டதுமே பின்வாங்குகிறார்கள். அவர்களுக்கு ஜிடிகுவெஸ்ட் குழுவினர் பிரவுசரிலேயே ஓடும் இலவசப் பயிற்சி ஒன்று வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து தொடங்கலாம். பட்டன் அழுத்தினால் பேனல் திற, எண்ணை மாற்று, இதை அசை. யூஐ பழக இவ்வளவு போதும்.

கோரல்டிரா, இங்க்ஸ்கேப் பக்கத்திலிருந்து எஸ்விஜி (கோட்டோவியப் படக் கோப்பு) கொண்டுவருகிறவர்கள், எழுத்துகளைக் கட்டாயம் வளைகோடாக மாற்றிவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். எஸ்விஜிக்குள் இருக்கும் எழுத்தைக் கோடோ காட்டாது. சோனி, நின்டெண்டோ போன்றவர்களின் கேம் பெட்டிகளுக்கு (கன்சோல்) நேரடியாக ஏற்றுமதி கிடையாது. அவர்களின் ஒப்பந்தங்கள் திறந்த மூல உரிமத்தோடு ஒத்துப்போவதில்லை, அதற்கென்று இருக்கும் தனி நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். கற்கிறவருக்கு இது பொருட்டே அல்ல.

வேலை தேடுகிறவர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பார்க்கும் வேலை அறிவிப்புகளில் யூனிட்டி, அன்ரியல் என்ற எஞ்சின்களின் பெயர்கள்தான் அதிகம். கோடோ மட்டும் தெரியும் என்று போய் நின்றால் சில கதவுகள் திறக்காது. ஆனாலும் இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன், ஏனென்றால் ஆங்கர், நைன்பேட்ச், பட்டனின் நிலைகள், ஈஸ் வளைவு எல்லாம் அங்கேயும் உண்டு. பெயர் மாறும், யோசனை மாறாது. அன்ரியலின் பெரிய உடம்பைத் தாங்காத லேப்டாப்பில்கூட இதே யோசனையைப் பழகிக்கொண்டு போகலாம்.

கூடவே வைத்துக்கொள்ள வேண்டியவை: பிரிட்டனைச் சேர்ந்த எட் கோட்ஸ் என்ற யூஐ கலைஞர் தொகுத்துவரும் ‘கேம் யூஐ டேட்டாபேஸ்’ தளம். ஆயிரக்கணக்கான கேம் திரைகளை வகை பிரித்து வைத்திருக்கிறார். கடைத் திரை, தோல்வித் திரை, அமைப்புகள் திரை என்று தேடிப் பார்க்கலாம். அங்கே பர்சோனா 5 மெனுக்களை நிதானமாகப் பாருங்கள். சாய்ந்த எழுத்தும் கறுப்பு சிவப்பும் எவ்வளவு தைரியமாக இருக்கின்றன, அப்படியும் எது தேர்வாகியிருக்கிறது என்பது ஒரு கணமும் குழம்பாது. டெட் ஸ்பேஸ் கேமில் உயிர்ப் பட்டையைத் தனியே வரையாமல் நாயகனின் முதுகெலும்புக் கவசத்தில் ஒளிக்கோடாக வைத்திருப்பதையும் பாருங்கள். வரையத் தெரியாதவர்களுக்குக் கென்னி தளத்தில் பட்டன், பேனல், ஐகான் தொகுப்புகள் சிசி0 உரிமத்தில் கிடைக்கின்றன. எதற்கும் அனுமதி கேட்க வேண்டாம். முதல் வரைவுக்கு ஃபிக்மா எனக்கு இன்னும் பிடிக்கும். பத்து யோசனைகளை வேகமாகப் போட்டு ஒன்பதைத் தூக்கியெறிய அதைவிட வசதியான இடமில்லை.

முதல் பயிற்சியாக எதைச் செய்வது என்று கேட்டால், அமைப்புகள் திரையைச் சொல்வேன். எல்லோரும் வாசல் திரையைத்தான் வரையப் போவார்கள், அதில் இருப்பதோ தலைப்பும் மூன்று பட்டன்களும்தான். அமைப்புகள் திரையில் ஒலிக்கு ஸ்லைடர், அதிர்வுக்கு ஆன் ஆஃப், மொழிக்குத் தேர்வுப் பட்டியல், அசைவைக் குறைக்க ஒரு வசதி, சேமி, ரத்து செய் என்று எல்லா வகைப் பாகமும் வந்துவிடும். அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்யுங்கள். மொழி மாற்ற ஒரு சிஎஸ்வி கோப்பு போதும்: முதல் நெடுவரிசையில் குறிச்சொல், அடுத்தவற்றில் ஒவ்வொரு மொழி. ஜன்னலை 4:3க்கும் 20:9க்கும் இழுத்துப் பாருங்கள். பிறகு மவுஸை ஒதுக்கிவைத்துவிட்டு அம்புக்குறி விசைகளாலோ கேம்பேடாலோ முழுத் திரையையும் சுற்றி வாருங்கள். தேர்வு இப்போது எங்கே நிற்கிறது என்று எந்த நேரமும் கண்ணுக்குத் தெரிகிறதா, ஸ்லைடரைத் தாண்டிக் கீழே போக முடிகிறதா, ‘சேமி’க்கு வந்து சேர எத்தனை அழுத்தல் ஆகிறது என்று பாருங்கள். தேர்வு தப்பான பட்டனுக்குத் தாவினால், அந்தப் பாகத்தின் ‘ஃபோகஸ் நெய்பர்’ என்ற நான்கு இடங்களில் அடுத்தது எது என்று நீங்களே குறித்துவிடலாம். அது முடிந்ததும் 4.5இல் புதிதாக வந்திருக்கும், பார்வையில்லாதவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வசதியையும் போட்டுப் பாருங்கள். இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது, இருந்தாலும் உங்கள் பட்டனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறீர்களா, ஐகானை மட்டும் போட்டு விட்டுவிட்டீர்களா என்று அது காட்டிக்கொடுக்கும்.